மொட்டை மாடிக்கு ஷீட்டா, தட்டோடா, வெள்ளை பெயிண்டா?

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு மாடி அறையில் கத்திரி வெயில் நாட்களில் ராத்திரி 11 மணிக்குக்கூட மின்விசிறி சுடுகாற்றைத்தான் இறக்கும். புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். கவலை தளத்தைப் பற்றித்தான். தளத்தின் சூடு பகலுக்கும் இரவுக்கும் 30 டிகிரி மாறினால், 10 மீட்டர் நீளக் கான்கிரீட் சுமார் 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். தினம் இப்படி நடந்தால் கைப்பிடிச் சுவர் ஓரமாக விரிசல் விடாமல் என்ன செய்யும்? ஐப்பசி மழை அதில் இறங்கி, உப்புக்காற்றும் சேர்ந்து கம்பி துருப்பிடிக்க, கீழே சீலிங் பெயர்ந்து விழுகிறது.

தெருவில் பாதிப் பேர் மாடிக்கு மேல் ஷீட் கொட்டகை போட்டுவிட்டார்கள். வெயிலை மட்டும் பார்த்தால் அது நல்ல யோசனைதான், தளத்தில் நேர் வெயிலே விழாது, ஆனால் பக்கவாட்டில் காற்று போக வழி விட்டிருக்க வேண்டும், அதையும் அடைத்து அறையாக்கிவிட்டால் அடுப்புதான். என் தயக்கம் வேறு. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியதைப் பார்த்த ஊர் இது. ஷீட் போடுவதென்றால் ஷீட்டைவிட அதைப் பிடிக்கிற ஸ்குரூ, பைப், அடித்தகடு இவற்றுக்குத்தான் முதலில் காசு ஒதுக்க வேண்டும். வெயிலில் ரப்பர் வாஷர் வெடித்தால் ஸ்குரூ ஓட்டை வழியே தண்ணீர் சொட்டும், துருவும் அங்கிருந்துதான் தொடங்கும். கடலோரத்தில் சாதாரண தகரம் சீக்கிரம் போய்விடும், அலுமினியம் பரவாயில்லை. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் மலிவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அறுக்கும்போதும் துளை போடும்போதும் கிளம்புகிற தூசி நுரையீரலுக்கு எமன்.

வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் இதில் செலவு குறைவு. புதிதாக அடித்த நல்ல வெள்ளை, வெயிலில் 80 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும். தூசியும் பாசியும் படிந்தால் அந்தக் கணக்கு குறையும், அதனால் பங்குனியில் ஒரு தடவை தேய்த்துக் கழுவியே ஆக வேண்டும். சுண்ணாம்பில் பெவிகால் கலந்து அடிப்பவர்களும் உண்டு. ஒரு கோடைக்குச் சரி, மழைக்கு நிற்காது. முக்கியமாக, விரிசலை அடைக்காமல் மேலே பெயிண்ட் அடித்தால் ஒழுகல் அப்படியே இருக்கும்.

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் போட்டு, மேலே தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு, பதிப்பதுதான் எனக்குப் பிடித்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் தளத்தில் (மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட தளம்) நின்று பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கனமே சூட்டை மெதுவாக உள்ளே விடும், தண்ணீர் வடிய வாட்டமும் சரியாகக் கிடைக்கும், காற்று பிடுங்க அதில் ஒன்றுமில்லை. ஆனால் 3 அங்குலம் போட்டால் சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் பாரம் ஏறும். கம்பி ஏற்கெனவே துருவேறிய பழைய தளத்தில் பொறியாளரிடம் காட்டாமல் இதைத் தொடக்கூடாது. சுண்ணாம்புத் தளத்தைப் பொறுமையாகக் கட்டையால் தட்டத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதும் இப்போது பெரும்பாடு.

எங்கள் தளம் அந்தப் பாரத்தைத் தாங்காது என்று பார்த்தவர் சொல்லிவிட்டார். அதனால் பெயர்ந்த சீலிங்கைச் சரிசெய்து, விரிசலை வெட்டி அடைத்து, வெள்ளை பெயிண்ட். துணி காயப்போட மட்டும் ஒரு மூலையில் பத்தடிக்கு அலுமினிய ஷீட், அதுவும் வீட்டில் அவள் பிடிவாதத்துக்காக.