டிரெய்லர் டயரை எப்போது மாற்றுவது? தேதி, பட்டன், விரிசல், சூடு: எதை நம்பலாம்?

2021-ல் வட அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்.வி.க்கள், அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வண்டிகள், வெளியே வந்தன. அதற்கு முன் எந்த ஆண்டும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. கோவிட் நேரத்தில் விமானமும் வேண்டாம், ஹோட்டலும் வேண்டாம் என்று முடிவெடுத்த குடும்பங்கள் வாங்கியவை அவை. பிக்கப்புக்கோ பெரிய எஸ்.யு.வி.க்கோ பின்னால் கட்டி இழுக்கும் டிராவல் டிரெய்லர்கள்தான் அவற்றில் பெரும்பகுதி. அந்த வண்டிகளோடு வந்த முதல் டயர்களுக்கு 2026-ல் ஐந்து வயது நிறைகிறது. கோடையில் சில முறை வெளியே போய்வந்தது தவிர மற்ற நாளெல்லாம் வீட்டு ஓரத்தில் நின்ற டயர்கள். குனிந்து பார்த்தால் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பரின் மேடுபள்ளம், புதுசு போலவே இருக்கும். "இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது, எதற்குக் காசைக் கொட்ட வேண்டும்?" என்று தோன்றுவது இயல்பு.

முடிவெடுக்க நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. டயரில் அச்சிட்ட தயாரிப்புத் தேதியைப் பார்ப்பது, பட்டன் ஆழத்தை அளப்பது, விரிசல் தேடுவது, ஓடும்போது அழுத்தத்தையும் சூட்டையும் கவனிப்பது. ஒவ்வொன்றையும் நம்பி வண்டி இழுப்பவர்கள் இருக்கிறார்கள். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசி நாளைக் குறிப்பது தேதி மட்டும்தான். மற்ற மூன்றும் அந்த நாளை முன்னால் கொண்டுவரலாம், தள்ளிப்போட முடியாது.

பட்டன் ஏன் ஏமாற்றுகிறது

கார் ஓட்டிப் பழகியவர் முதலில் பார்ப்பது பட்டனைத்தான். ஒரு சென்ட் காசைத் தலைகீழாகப் பள்ளத்தில் செருகி, லிங்கனின் தலை முழுதாகத் தெரிந்தால் டயரை மாற்று என்பது அமெரிக்காவில் எல்லோரும் அறிந்த சோதனை. ஆழம் சுமார் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். தினமும் அலுவலகம் போய்வரும் காருக்கு இது போதும். அந்த டயர் தேய்ந்துதான் தீர்கிறது. டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடுகிறது.

வயதைச் சொல்லாவிட்டாலும், தேய்ந்த விதம் வேறு சில சங்கதிகளைச் சொல்லும். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் மட்டும் போயிருந்தால் ஆக்ஸில் வளைந்திருக்கலாம் அல்லது சுமை மிஞ்சியிருக்கலாம். அப்படியானால் புது டயர் போடுவதற்கு முன் ஆக்ஸிலைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் புதுசும் அதே வழியில் போகும்.

தேதி: நான்கு இலக்கம்

பக்கச்சுவரில் டி.ஓ.டி. (அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சுருக்கம்) என்று தொடங்கும் எழுத்தெண் வரிசை ஒன்று இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரம், அதாவது ஜூன் மாதம் செய்த டயர். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தையது. முழு வரிசையும் ஒரு பக்கத்தில் இருந்தால் போதும் என்பது விதி. அந்தப் பக்கம் உள்நோக்கிப் பொருத்தப்பட்டிருந்தால் வெளியிலிருந்து தேதி தெரியாது. வண்டிக்கடியில் படுக்கத் தேவையில்லை. செல்போன் டார்ச்சைப் போட்டு, கேமராவை டயருக்குப் பின்னால் நீட்டி மெதுவாக வீடியோ எடுத்தால் போதும். எழுத்து மங்கியிருந்தால் மேலே சாக்பீஸைத் தேயுங்கள், பளிச்சென்று தெரியும்.

எத்தனை வருடம் என்பதில்தான் கருத்து வேறுபாடு. டிரெய்லர் டயர் உலகில் அதிகம் கேட்கும் கணக்கு 3 முதல் 5 ஆண்டு. பிரிட்டனில் கேரவன் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லும் அறிவுரை: ஐந்து ஆண்டில் மாற்று, ஏழைத் தாண்டவே தாண்டாதே. ஜெர்மனியில் அது சட்டத்திலேயே இருக்கிறது. டிரெய்லரை இழுத்துக்கொண்டு மணிக்கு 100 கிலோமீட்டரில் போக அனுமதி வேண்டுமென்றால் டிரெய்லர் டயருக்கு ஆறு வயதுக்குள் இருக்க வேண்டும். மிஷலின் ஐந்து ஆண்டுக்குப் பிறகு வருடா வருடம் ஆளை வைத்துச் சோதிக்கச் சொல்கிறது, எந்த நிலையில் இருந்தாலும் பத்தாம் ஆண்டில் கழற்றிவிடச் சொல்கிறது.

டயரை நீட்டி ஓட்ட நினைப்பவர்கள் இந்தப் பத்து என்ற எண்ணைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அது எந்தச் சூழலிலும் தாண்டக் கூடாத வெளி எல்லை. அதுவரை ஓடும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. டிரெய்லர் டயரின் பாடு கார் டயரைவிடக் கடினமானது என்பதும் இருக்கிறது. கிளம்பும்போதே தாங்கும் எடையின் விளிம்பில் ஓடுகிறது. இரட்டை ஆக்ஸில் வண்டியைக் குறுகலான இடத்தில் திருப்பினால் சக்கரங்கள் உருளாமல் பக்கவாட்டில் இழுபடும். அப்போது பக்கச்சுவர் மடங்கி முறுக்கிக்கொள்வதை வெளியே நின்று கண்ணாலேயே பார்க்கலாம். அமெரிக்காவில் 2000-ல் வந்த ட்ரெட் என்ற வாகனப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து கார் டயர்களுக்குக் கடுமையான புதிய சோதனை விதி வந்தது. டிரெய்லருக்கென்றே செய்யப்படும் எஸ்.டி. வகை டயர்கள் அந்த விதிக்குள் சேர்க்கப்படவில்லை, பழைய விதியின் கீழேயே இருக்கின்றன.

நிற்கும் டயர் ஏன் கெடுகிறது என்று பலர் கேட்பார்கள். ரப்பரைக் காக்கும் மெழுகும் வேதிப்பொருட்களும் டயர் உருண்டு நெளியும்போதுதான் மேற்பரப்புக்கு வருகின்றன. மாதக்கணக்கில் நின்றால் அந்தக் காப்பு வருவதில்லை. ஓசோனும் வெயிலும் வெளியே வேலையைக் காட்டும். உள்ளே நடப்பது அதைவிட மோசம். 65 அல்லது 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அடைபட்ட காற்றிலுள்ள ஆக்சிஜன், ரப்பருக்குள் ஊடுருவிக்கொண்டே இருக்கிறது. பட்டனுக்கு அடியிலுள்ள எஃகுப் பெல்ட்டுகளை ஒட்டவைத்திருக்கும் ரப்பர் அதனால் மெல்ல இறுகி நொறுங்கும் தன்மைக்கு வருகிறது. வெப்பம் கூடினால் இது வேகமெடுக்கும். ஒரு நாள் நெடுஞ்சாலைச் சூட்டில் பெல்ட்டின் ஓரம் பிரியத் தொடங்கி, பட்டன் பகுதி முழுதும் உரிந்து பறக்கிறது. வெளியில் ஒரு கீறல்கூட இல்லாமல் இது நடக்கும். தேதியை முதலிடத்தில் வைப்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

விரிசல் பார்ப்பவர்கள்

விரிசல் பார்ப்பது தேவையான பழக்கம், ஆனால் அது ஒருபக்கச் சாட்சி. விரிசல் இருந்தால் டயர் கெட்டது என்று சொல்லலாம். இல்லையென்றால் நல்லது என்று சொல்ல முடியாது. வெயில் படாமல் டயருக்கு உறை போட்டு வைக்கிறார்களே, அது நல்ல பழக்கம், போடத்தான் வேண்டும். ஆனால் அதன் விளைவாகப் பக்கச்சுவர் ஏழு வயதிலும் கருகருவென்று மின்னும். உள்ளே ஆக்சிஜன் செய்யும் வேலையை உறை தடுக்காது. நன்றாகப் பராமரித்த டயர்தான் கண்ணை அதிகம் ஏமாற்றும்.

பார்க்கும்போது எங்கே பார்ப்பது என்பது முக்கியம். பக்கச்சுவரில் முடி போன்ற மேலோட்டமான கோடுகள் மட்டும் என்றால் உடனே பயப்பட வேண்டாம். நகத்தை வைத்து இழுத்தால் மாட்டும் அளவு ஆழமிருந்தாலோ, பட்டன் பள்ளத்தின் அடியில் விரிசல் ஓடினாலோ, ரிம்மை ஒட்டிய பகுதியில் வட்டமாகப் போனாலோ டயரின் காலம் முடிந்தது. வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றிவிட்டு, பட்டனின் மேல் விளிம்பைப் பக்கத்திலிருந்து பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் மேடு எழும்பி இறங்கினால் பெல்ட் பிரிய ஆரம்பித்துவிட்டது. அப்புறம் சக்கரத்தை நிறுத்தி, உள்ளங்கையை அழுத்தித் தடவுங்கள். கண்ணுக்குத் தப்பிய மேடு கையில் தட்டுப்படும். பக்கச்சுவரில் புடைப்பு தெரிந்தால் அந்த டயரோடு கடைவரைகூட இழுத்துப் போகக் கூடாது, ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போங்கள்.

அழுத்தமும் சூடும்

2007 செப்டம்பரிலிருந்து அமெரிக்காவில் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் காற்றழுத்தம் கண்காணிக்கும் கருவி கட்டாயம். டிரெய்லருக்குக் கட்டாயமில்லை, தனியாக வாங்கித்தான் பொருத்த வேண்டும். தயங்காமல் வாங்குங்கள் என்பேன். இரட்டை ஆக்ஸில் வண்டியில் ஒரு டயர் போனாலும் முன்னால் ஓட்டுபவருக்குத் தெரியாமல் போவதுண்டு. பக்கத்து டயர் இரட்டைச் சுமையைத் தூக்கிக்கொண்டு ஓடி, சற்று நேரத்தில் அதுவும் போகும். மெல்லக் கசியும் காற்றை இந்தக் கருவி நேரத்துக்குக் காட்டிக்கொடுக்கும். பெல்ட் பிரிவதை நேரடியாகக் காட்டாது. ஓய்வு நிறுத்தத்தில் வெப்பமானித் துப்பாக்கியால் நான்கு டயரையும் பார்ப்பதும் பயன் தரும். வெயில் படும் பக்கம் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும், அதனால் ஒரே பக்கத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் காற்றையும் பிரேக்கையும் பேரிங்கையும் சோதிக்க வேண்டும்.

யாருக்கு எத்தனை ஆண்டு

எல்லோருக்கும் ஒரே எண் பொருந்தாது. சுமைக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். 3,500 பவுண்டு ஆக்ஸில் இரண்டு கொண்ட பல டிரெய்லர்களில் வருவது எஸ்.டி. 205/75ஆர்14 அளவில், எடை தாங்கும் தரம் சி கொண்ட டயர். ஒன்று தாங்குவது 50 பி.எஸ்.ஐ.யில் 1,760 பவுண்டு. ஒரு ஆக்ஸிலுக்கு இரண்டு டயர், 3,520. மிச்சம் 20 பவுண்டுதான்! தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, சமையல் சாமானெல்லாம் ஏற்றினால் எந்த ஆக்ஸிலில் எவ்வளவு விழுகிறது என்று நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களிலுள்ள கேட் ஸ்கேல் என்ற எடை மேடையில் நிறுத்தி எடை போடுவது நல்லது.

இப்படி விளிம்பில் ஓடும் டயர், அரிசோனா அல்லது டெக்சஸ் வெயிலில் திறந்த வெளியில் நின்றதென்றால், நான்காம் ஆண்டிலேயே மாற்றச் சொல்வேன். வாஷிங்டன் மாநிலத்தின் குளிரில், கூரைக்கடியில் உறை போட்டு வைத்து, எடையில் நல்ல இடைவெளியும் இருந்தால் ஆறு வரை போகலாம். மற்றவர்களுக்கு ஐந்து. வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஸ்.டி. டயரில் தனியாக வேகக் குறியீடு இல்லையென்றால் அது மணிக்கு 65 மைலுக்கானது. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு உச்ச வேகமே 55 மைல். 75-ல் பறந்து பழகியவர் மேலே சொன்ன எந்த எண்ணிலிருந்தும் ஒரு வருடத்தைக் கழித்துவிடலாம்.

செலவைப் பொறுத்தவரை, நல்ல 15 அங்குல டயர் நான்கு போட்டால் கடையைப் பொறுத்துச் சில நூறு டாலர் ஆகும். வெடித்த டயர் பட்டை சுழன்று அடித்தால் சக்கரக் குழிக்கு மேலே தரை கிழியும், வயர் அறுந்துபோகும், கேஸ் குழாயும் அடிபடலாம். டயர் விலை அந்த ரிப்பேர்ச் செலவில் ஒரு சிறு பங்குதான். ஒரு டயர் மட்டும் வெடித்திருந்தால் அதே பக்கத்து இணை டயரையும் சேர்த்தே மாற்ற வேண்டும், அது மிகைச் சுமையில் ஓடியது. நான்கும் ஒரே தேதியில் செய்தவை என்றால் நான்கையும் மாற்றிவிடுவதே சரி.

மாற்றும்போது எடை தாங்கும் தரத்தில் ஒரு படி மேலே போவது நல்ல வாய்ப்பு. எஸ்.டி. 225/75ஆர்15-ல் டி தரம் 65 பி.எஸ்.ஐ.யில் 2,540 பவுண்டு தாங்கும், இ தரம் 80-ல் 2,830. 80 பி.எஸ்.ஐ.க்கு ரிம் தாங்குமா என்று அதன் பின்புறம் பதித்த எண்ணைப் பாருங்கள். வால்வையும் மறக்காதீர்கள். சாதாரண ரப்பர் வால்வு 65 வரைதான், அதற்கு மேல் உயரழுத்த வால்வு கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் டயரை ரிம்மில் ஏற்றும் முன்பே தேதியைக் காட்டச் சொல்லுங்கள். கிடங்கில் ஒன்றரை வருடம் கிடந்த டயர் 'புதுசு' என்ற பெயரில் வந்தால் திருப்பிக் கொடுங்கள், உங்கள் ஐந்தில் ஒன்றரை ஏற்கெனவே போய்விட்டது. பின்னால் தொங்கும் ஸ்டெப்னிக்கும் மற்ற நான்கின் வயதேதான், அதன் தேதியையும் படித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து முதல் 50 மைல் ஓட்டியதும் நட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள்.