‘லினக்ஸ் ரெடி’ ஸ்டிக்கரை நம்பிப் பழைய லேப்டாப் வாங்காதீர்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் முழுதாகச் சொல்கிறேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அதனால் அலுவலகங்கள் ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்புகளை மொத்தமாகத் தள்ளிவிடுகின்றன. கடைக்காரர்கள் அவற்றைத் துடைத்து, விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, ‘லினக்ஸ் ரெடி’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். யோசனை நல்லதுதான். அந்தக் காலத்து பிசினஸ் மாடல்களில் லினக்ஸ் அருமையாக ஓடும். அதற்காகத்தான் நானும் தேடிப் போனேன்.

அக்கா மகனுக்குக் கல்லூரிப் படிப்புக்கு வேண்டும். ஐ5 6300யூ பிராசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விலை 17,500 ரூபாய். கடை அனுப்பிய வாட்ஸ்அப் விளம்பரத்தில் ‘இன்டெல் டூயல் பேண்ட் வைஃபை’ என்று தெளிவாகப் போட்டிருந்தது. கடையிலேயே உபுண்டு 22.04 ஓடியது, வைஃபையும் கிடைத்தது. ‘லினக்ஸ்ல எல்லாம் ஓடும் சார், நாங்களே டெஸ்ட் பண்ணித்தான் தர்றோம்’ என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்ததும் முதல் சந்தேகம். எங்கள் ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பெயரில் ஒளிபரப்பும். ஃபோனில் இரண்டும் தெரிகிறது, லேப்டாப்பில் 5 தெரியவில்லை. டூயல் பேண்ட் கார்டு என்றால் இரண்டும் தெரிந்தாக வேண்டும்.

அடுத்து அப்டேட் போட்டபோது லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் மட்டும் ‘கெப்ட் பேக்’ என்று நின்றது. பார்த்தால், கர்னல் பேக்கேஜ்களை அப்டேட் ஆகாதபடி யாரோ ‘ஹோல்டு’ செய்து வைத்திருக்கிறார்கள். தானாக நடக்கிற காரியம் இல்லை அது, ஒருவர் உட்கார்ந்து கட்டளை கொடுத்தால்தான் நடக்கும். கர்னலுக்கான பாதுகாப்புத் திருத்தங்களெல்லாம் இந்த அப்டேட் வழியாகத்தான் வருகின்றன, அதை நிறுத்தி வைப்பதில் நியாயமே இல்லை. ஹோல்டை எடுத்துவிட்டு அப்டேட் செய்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் வைஃபை என்ற பகுதியே அமைப்புகளில் காணோம்.

கடைக்கு எடுத்துப் போனால், பேச்சு இப்படிப் போனது. ‘லினக்ஸ்னா இப்படித்தான் சார். ஐநூறு ரூபா குடுங்க, விண்டோஸ் போட்டுத் தர்றேன், எல்லாம் ஓடும்.’ லைசென்ஸ் உண்டா என்று கேட்டதற்குச் சிரிப்புதான் பதில். வேண்டாம் என்றதும் உள்ளே இருந்த டெக்னீஷியனிடம் தள்ளிவிட்டார். அவர் மூடியைக்கூடத் திறக்காமல், ‘மதர்போர்டுல வைஃபை செக்‌ஷன் போயிருக்கு, சிப் லெவல் வேலை, 3,500 ஆகும்’ என்றார். ‘ஒரு மாச வாரன்டி சொன்னீங்களே?’ என்றேன். சாஃப்ட்வேரை நாமே மாற்றிவிட்டால் வாரன்டி கிடையாதாம்! ஒரே கோளாறு, ஐந்து நிமிடத்தில், ஒருவர் வாயில் சாஃப்ட்வேர், இன்னொருவர் வாயில் மதர்போர்டு.

மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை என்என்கே என்ற விருப்பத்தோடு (lspci -nnk) கொடுத்தால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு சாதனத்தின் அடையாள எண்ணும், அதை இயக்கும் மென்பொருளாக எந்த டிரைவர் வேலை செய்கிறது என்பதும் வரும். எண்ணின் முன்பாதி தயாரிப்பாளரைச் சொல்லும். இன்டெல் என்றால் 8086, அவர்களுடைய 1978-ஆம் ஆண்டு பிராசஸரின் பெயரையே எண்ணாக வைத்துக்கொண்டார்கள். என் லேப்டாப்பில் வைஃபை வரியில் இருந்தது 14ஈ4:4365. அது பிராட்காம் கம்பெனியின் பிசிஎம்43142 கார்டு. டிரைவர் இருக்க வேண்டிய வரி இல்லவே இல்லை.

மதர்போர்டு பழுதென்றால் அந்த வரியே வந்திருக்காது. கார்டு தெரிகிறது, டிரைவர் இல்லை, அவ்வளவுதான்.

லேப்டாப் கம்பெனியின் இணையதளத்தில் சீரியல் எண்ணைக் கொடுத்தேன். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்தது இன்டெல் 8260 கார்டு. அடிமூடியைக் கழற்றினால் வேறு கார்டு. இரண்டு ஆன்டெனா வயரில் ஒன்று மட்டும் மாட்டியிருந்தது, இன்னொன்றை டேப் போட்டு ஓரமாக ஒட்டியிருந்தார்கள். ஆக, நல்ல கார்டை உருவிவிட்டுக் கையில் கிடைத்ததைச் சொருகியிருக்கிறார்கள்.

லினக்ஸில் இது ஏன் பெரிய விஷயம் என்றால், இன்டெல் 8260-க்கான டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. கர்னல் மாறினால் அதுவும் கூடவே மாறும், நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பிசிஎம்43142-க்குக் கர்னலில் டிரைவர் கிடையாது. பிராட்காம் கொடுத்த, மூலநிரல் முழுதாகத் திறக்கப்படாத டபிள்யூஎல் என்ற டிரைவரைத் தனியாகச் சேர்க்க வேண்டும், ஒவ்வொரு கர்னலுக்கும் புதிதாக கம்பைல் செய்ய, அதாவது அதற்கேற்ப இயங்கும் வடிவத்துக்கு மாற்ற, வேண்டும். உபுண்டுவில் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ வழியாகப் போட்டால் டிகேஎம்எஸ் என்ற கருவி அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். இவர்கள் அதைக்கூடச் செய்யாமல் ஒரே ஒரு கர்னலுக்குக் கையால் கம்பைல் செய்து, அது உடையாமலிருக்க கர்னலையே பூட்டிவிட்டார்கள். தெரியாமல் செய்தது என்று யாரும் சொல்ல முடியாது. அந்த ஹோல்டு ஒன்றே போதும் சாட்சிக்கு.

ஃபோனை யுஎஸ்பி டெதரிங்கில் போட்டு நெட் எடுத்து, அந்த டிரைவரை முறையாகப் போட்டதும் வைஃபை திரும்ப வந்தது. 3,500 ரூபாய் சிப் லெவல் வேலையின் லட்சணம் இது. இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று: செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் வசதி) ஆன் ஆகியிருந்தால் டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட்டில் நீலத் திரை வந்தால் பயப்படாமல் அதே பாஸ்வேர்டைக் கொடுத்துச் சாவியைப் பதிவு செய்ய வேண்டும். அதைத் தாண்டிப் போய்விட்டால் டிரைவர் லோடு ஆகாது.

இன்டெல் கார்டு பழையது வாங்கி மாட்டலாம் என்றிருக்கிறேன். ஆனால் சில பழைய மாடல்களில், கம்பெனி பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) பிழை காட்டி அங்கேயே நின்றுவிடும். மாடலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. பையனுக்கு விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) வேண்டும், பயாஸில் அந்த வசதி அணைந்திருந்தது. மாற்றப் போனால் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்கிறது. பழைய அலுவலகம் போட்ட பூட்டு. கடையில் கேட்டால் ‘அன்லாக் சார்ஜ்’ 1,500. பூட்டிய வீட்டை விற்றுவிட்டுச் சாவிக்குத் தனி விலை கேட்கிற கதைதான்.

வாங்கப் போகிறவர்கள் உங்கள் பென் டிரைவில் உபுண்டுவோ, இன்னொரு லினக்ஸான மின்ட்டோ லைவ் யுஎஸ்பியாக (இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும்படி) போட்டு எடுத்துப் போங்கள். கடைக்காரர் போட்டு வைத்த லினக்ஸைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது ஒப்பனை. லைவில் பூட் செய்து, மேலே சொன்ன கட்டளையில் வைஃபை வரியைப் பாருங்கள், ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். மூடியைச் சாத்தித் திறந்தால் திரை திரும்பி வருகிறதா என்பதும் முக்கியம், பலவற்றில் அங்கேதான் மாட்டும். பேட்டரியின் இப்போதைய முழுக் கொள்ளளவையும் வடிவமைப்புக் கொள்ளளவையும் யுபவர் கட்டளை பக்கத்துப் பக்கத்தில் காட்டிவிடும். பயாஸுக்குள் போய் ஏதாவது ஒரு அமைப்பை மாற்றிச் சேமித்துப் பாருங்கள். லைவ் யுஎஸ்பி போட விடமாட்டேன் என்று சொல்கிற கடையில் பேரமே பேச வேண்டாம்.

அப்புறம், பில். எனக்குக் கிடைத்தது ‘யூஸ்டு லேப்டாப் 1’ என்று எழுதிய ஒரு சீட்டு. கடையின் முத்திரை இருந்ததால் தப்பித்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். அதன் பிறகு கடையிலிருந்து ஃபோன் வந்தது, 12,000-க்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்களாம். முழுப் பணம் இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், ஆன்லைனிலும் முடியும். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு.

அந்தக் கடையின் விளம்பரத்தில் இப்போது ‘இன்டெல் டூயல் பேண்ட்’ என்பதை எடுத்துவிட்டு வெறும் ‘வைஃபை’ என்று மாற்றியிருக்கிறார்கள். பழைய விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது, மனுவோடு அதுவும் போகிறது. இப்படி வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் உங்களுக்கு வந்த விளம்பரத்தையும் அந்தக் கட்டளையின் வெளியீட்டையும் இன்றைக்கே சேமித்து வையுங்கள், பிறகு கடைக்குப் போய்ப் பேசுங்கள்.