மாற்றுக் கேபிளை நீட்டினால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள்

சென்ற மாதம் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். மகன் அனிமேஷன் படிக்கிறான். பழைய கார்டில் ஒரு காட்சியை ரெண்டர் செய்ய, அதாவது முழுப் படமாக்கி எடுக்க, விடிந்துவிடுகிறது. கணினியையும் ஆட்டோவில் தூக்கிக்கொண்டே போயிருந்தேன். "இந்த எஸ்எம்பிஎஸ் தாங்குமா?" என்று, கணினிக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டியைக் காட்டி மூன்று முறை கேட்டேன். கடைக்காரர் மூடியைக் கழற்றி, கொட்டை எழுத்தில் இருந்த "500 வாட்" மேல் விரலால் தட்டி, "தாராளமாகத் தாங்கும் சார்" என்றார்.

மின்சாரத்துக்காகக் கார்டில் செருகவேண்டிய 8 பின் கேபிள் அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லை. அதற்கும் வைத்தியம் வைத்திருந்தார்: ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் இரண்டு சாட்டா முனைகளை 8 பின்னாக மாற்றும் கேபிள், 250 ரூபாய்.

வீட்டில் கணினி ஒழுங்காகத்தான் எழுந்தது. ரெண்டர் தொடங்கிய பத்தாவது நிமிடம் பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டால் மறுபடியும் அதே கதை. கடைக்குப் போனால், "விண்டோஸ் கோளாறு" என்று 500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஃபார்மேட் செய்து அனுப்பினார். மகனின் பாதி வேலை அதோடு போயிற்று. மூன்றாம் நாள் இரவு பிளாஸ்டிக் கருகும் நாற்றம். சுவிட்சை அணைத்துவிட்டுத் திறந்து பார்த்தேன். சாட்டா முனை ஒன்று மெழுகுபோல இளகி, கழற்ற வராமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் லேபிளின் பொடி எழுத்தைப் படித்தேன். கார்டும் பிராசஸரும் இழுப்பது 12 வோல்ட் வரியிலிருந்து. அங்கே போட்டிருந்தது 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட்! 5 வோல்ட், 3.3 வோல்ட் வரிகளையும் கூட்டிப் பார்த்தேன். அப்போதும் 500 வரவில்லை. கார்டு மட்டுமே 170 வாட் கேட்கும். பிராசஸர் பெயரளவில் 65, வேலை ஏறினால் அதற்கும் மேல். கார்டின் சிப்பை வடிவமைத்த என்விடியா இந்தக் கார்டுக்குப் பரிந்துரைப்பதோ 550 வாட் எஸ்எம்பிஎஸ்.

கேபிள் கதை இன்னும் மோசம். சாட்டா முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒன்றுக்கு 1.5 ஆம்பியர், ஆக 54 வாட். இரண்டு முனைகள் சேர்ந்தாலும் 108தான். 8 பின் வழியாகக் கார்டு 150 வாட் வரை இழுக்கலாம். அதிலும் என் இரண்டு முனைகளும் ஒரே ஒயரில் தொங்கியவை.

8 பின் கேபிளே வைக்காமல் ஒருவன் எஸ்எம்பிஎஸ் செய்கிறான் என்றால், இப்படிப்பட்ட கார்டுக்கு இது ஆகாது என்று அவனே சொல்கிறான். அந்த வாயைத்தான் கடைக்காரர் 250 ரூபாய்க் கேபிளால் அடைத்துக் கொடுத்திருக்கிறார்.

அதே தெருவில் வேறொரு கடையில், "முதலில் லேபிளின் படத்தைக் காட்டுங்கள் சார்" என்று கேட்ட பையனிடம் 650 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கினேன். 12 வோல்ட்டில் 54 ஆம்பியர், 8 பின் கேபிள் அதனுடனேயே வருகிறது. கையில் எடுத்தால் செங்கல் கனம். பழையது வெறும் டப்பா. இப்போது இரவு முழுக்க ஓடுகிறது.

முதல் கடைக்காரர், "கேபிளுக்கு வாரண்டி கிடையாது" என்று கையை விரித்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம் என்று பில்லைத் தேடினேன். கேபிளுக்கும் ஃபார்மேட்டுக்கும் அவர் பில்லே போடவில்லை. கார்டுக்கு மட்டும் இருக்கிறது. அந்தக் கார்டில் ஒரு குறையும் இல்லை.