வாடிக்கையாளர் பட்டியல்: ஷேர்டு ஃபோல்டரா, ஆபீஸ் சர்வரா, கிளவுடா?

பத்துப் பேர் வேலை பார்க்கும் அலுவலகம். வாடிக்கையாளர் பெயர், செல் நம்பர், ஜிஎஸ்டி எண், கடைசியாகப் பேசியதைப் பற்றி ஒரு குறிப்பு. எல்லோரும் ஒரே பட்டியலைப் பார்க்கவும் திருத்தவும் வேண்டும். உடனே கைக்கு வருவது, மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்சஸில் செய்த ஃபைல் ஒன்றை எல்லோரும் திறக்கக்கூடிய ஷேர்டு ஃபோல்டரில் போட்டுவிடுவது.

செலவில்லை, சரிதான். ஆனால் அங்கே சர்வர் ஃபைலை வைத்திருப்பதோடு சரி. தேடுவதும் திருத்துவதும் அவரவர் கணினியில் ஓடும் ஆக்சஸ்தான். ஒருவர் சேவ் செய்யும்போது வைஃபை போனால் ஃபைல் கெட்டுப்போகலாம். அப்புறம் யாருக்கும் திறக்காது. ஒரே நேரத்தில் 255 பேர், 2 ஜிபி என்பது மைக்ரோசாஃப்ட் சொல்லும் உச்சவரம்பு. 2 ஜிபி தாராளம்; 255 ஏட்டுச் சுரைக்காய். ஊழியர்கள் பார்க்கும் திரைகளான ஃபார்ம்களைப் பிரித்து ஒவ்வொரு கணினியிலும் வைத்து, விவரங்கள் இருக்கும் டேபிள்களை மட்டும் பகிர்ந்து, எல்லோருக்கும் கேபிள் இழுத்தால் நாலைந்து பேருக்குத் தாங்கும்.

அதே ஃபார்ம்களை வைத்துக்கொண்டு டேபிள்களை மட்டும் ஆபீஸ் சர்வரில் ஓடும் மைக்ரோசாஃப்டின் இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸுக்கு மாற்றலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஓடிபிசி என்ற இணைப்பு மென்பொருள் வழியாக இணைத்தால் போதும், ஊழியர்களுக்குத் திரை மாறாது. இலவசம். 2022 பதிப்பில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி வரை; பெயரும் நம்பரும் அதை நிரப்பப்போவதில்லை. நடுவில் ஒருவரின் இணைப்பு அறுந்தால் அவருடைய அந்த ஒரு திருத்தம்தான் ரத்தாகும்.

தமிழில் பெயர் ஏற்றுகிறவர்கள் கவனிக்க: டேபிளில் பெயர்ப் பத்தி வார்ச்சார் (varchar) வகையில் இருந்தால் 'முருகன்' சாதாரணமாக '???????' என்றுதான் பதிவாகும். யூனிகோடு எழுத்தை ஏற்கும் என்வார்ச்சார் (nvarchar) வகை வேண்டும். பழைய பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

எக்ஸ்பிரஸில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் ஏஜென்ட் கிடையாது, அதனால் தானாக பேக்கப் ஓடாது. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு ஸ்கிரிப்ட் போட்டு, காப்பியை வேறு டிஸ்க்குக்கு அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் இந்த வழியே வேண்டாம். இன்னொன்று: வெளியிலிருந்து பார்க்கலாமே என்று ரௌட்டரில் எஸ்க்யூஎல் சர்வரின் வாசலான 1433 போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள். பாஸ்வேர்டை ஊகித்துத் தட்டும் தானியங்கி நிரல்கள் (போட்கள்) வந்து குவியும். வெளியிலிருந்து அலுவலகத்துக்குப் பாதுகாப்பான தனி வழியான விபிஎன் போடுங்கள்.

ஊர் ஊராகச் சுற்றும் விற்பனை ஆட்கள் இருந்தால் கிளவுட்தான். வாடிக்கையாளர் விவரங்களை இணையத்தில் வைக்கும் சேவையான ஜோஹோ சிஆர்எம் மூன்று பேர் வரை இலவசம். அதற்கு மேல் தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் போகும். பேக்கப், அப்டேட் தலைவலி குறையும். எக்ஸ்போர்ட் உரிமையை மட்டும் யாருக்கு என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். வேலையை விட்டுப் போகிறவர் முழுப் பட்டியலையும் ஒரே கிளிக்கில் கொண்டுபோய்விடலாம். டேட்டா அடுத்தவர் சர்வரில் இருப்பதால் பொறுப்பும் அவர்களுடையது என்று நினைக்க வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வாடிக்கையாளரிடம் விவரம் வாங்கிய நிறுவனத்தையே பொறுப்பாக்குகிறது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை.

எல்லோரும் ஒரே கட்டடத்தில் இருந்து, கணினி தெரிந்தவர் ஒருவரும் இருந்தால் என் ஓட்டு எக்ஸ்பிரஸுக்கு. எதற்கு மாறினாலும் +91, முன்னால் பூஜ்யம், நடுவில் இடைவெளி என்று கிடக்கும் நம்பர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் ஒரே வாடிக்கையாளர் மூன்று பேராக உள்ளே போய்விடுவார்.