பல் பிடுங்கியவர்களுக்கான 'ரெக்கவரி கிட்': எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

பல் பிடுங்கியவர்களுக்கென்றே பெட்டியாகக் கட்டி விற்கும் கிட்களில் இருப்பது பெரும்பாலும் ஒரே சரக்குதான்: காஸ் துணி, தாடையைச் சுற்றிக் கட்டும் ஐஸ் பட்டை, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி கலந்த மவுத்வாஷ், நுனி வளைந்த பிளாஸ்டிக் சிரிஞ்சு. சிலவற்றில் கிராம்பு எண்ணெய் ஜெல்லும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே கேள்வி கேட்டு எடைபோடலாம். பல் இருந்த குழியில் உறைந்து நிற்கும் ரத்தக்கட்டியை இது காக்குமா, கலைக்குமா? அந்தக் கட்டிதான் அடியில் உள்ள எலும்புக்கு மூடி. புதுத்திசு வளர்வதும் அதைப் பற்றிக்கொண்டுதான். முதல் சில நாட்களில் அது போய்விட்டால், பெட்டியில் உள்ள எதுவும் அதற்கு ஈடாகாது.

காஸ் துணி, கொடுத்த காசுக்கு உழைக்கிறது. ஆனால் ஒரு துண்டை அப்படியே வைத்துக் கடித்தால் பயனில்லை. சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பக்கத்துப் பற்களைவிடச் சற்று உயர்ந்து நிற்கும் தடிமனுக்கு மடித்துக் குழியின் மேல் வைக்க வேண்டும். அப்போதுதான் கடிக்கிற அழுத்தம் குழிக்குப் போய்ச் சேரும். 30 முதல் 45 நிமிடம் வாயைத் திறக்காமல் கடித்திருக்க வேண்டும். ரத்தம் நின்றதா என்று அடிக்கடி எடுத்துப் பார்ப்பதே அது நிற்காமல் போவதற்குக் காரணமாகிவிடும். நனைக்காத காஸ், ரத்தக்கட்டியோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது அதையும் பிய்த்துக்கொண்டு வரும். காஸுக்குப் பதிலாகப் பஞ்சு உருண்டை போட்டிருக்கும் கிட் என்றால் வாங்காதீர்கள். பஞ்சின் இழை குழிக்குள் தங்கிவிடும்.

மவுத்வாஷ் நல்ல மருந்து. தப்பாகப் பயன்படுத்தத் தோதானதும் அதுதான். முதல் 24 மணி நேரம் எதைக் கொண்டும் கொப்பளிக்கக் கூடாது. கிட்டில் வரும் தாள் 'முதல் நாளிலிருந்தே கொப்பளிக்கவும்' என்று சொன்னால் அந்தத் தாளை நம்ப வேண்டாம். மறுநாளிலிருந்து 0.2% மருந்தில் 10 மி.லி. எடுத்து, ஒரு நிமிடம், காலையும் இரவும். கன்னம் உப்ப உப்ப அலசக் கூடாது. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து மருந்தை ஓடவிட்டு, பிறகு துப்பாமல் வாயைத் திறந்து வழியவிட வேண்டும். துப்பும்போதும் ஸ்ட்ராவில் உறிஞ்சும்போதும் வாய்க்குள் உண்டாகும் இழுப்பு கட்டியைக் கிளப்பிவிடலாம்.

பேஸ்ட் போட்டுத் தேய்த்த கையோடு இதை ஊற்றுவதும் வீண். பேஸ்டில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் குளோர்ஹெக்சிடினின் வீரியத்தைக் கெடுத்துவிடும். அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தொடர்ந்து பயன்படுத்தினால் பற்களில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசி மாறும். தேநீரும் காபியும் கறையைக் கூட்டும். அபூர்வமாகச் சிலருக்குக் கடும் ஒவ்வாமையும் வரும். உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவமனைதான். பொதுவாக ஒரு வாரம் போதும். கணக்குப் பார்த்தால் 140 மி.லி.தான் செலவாகும், 300 மி.லி. பாட்டிலைத் தலையில் கட்டும் கிட்டுக்கு அதிகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மற்ற வேளைகளில், சாப்பிட்ட பிறகு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வைத்திருந்தால் அதை ஓரமாக வைத்துவிடுங்கள்.

ஐஸ் பட்டை ஆடம்பரம். தானாகவே ஆடிக்கொண்டிருந்த ஒற்றைப் பல்லைப் பிடுங்கியதற்கு அது தேவையே இல்லை. எலும்பைக் குடைந்து ஞானப்பல்லை எடுத்திருந்தால், இரண்டு கையும் ஓய்வாக இருக்கும் என்பதற்காக வாங்கலாம். 15 முதல் 20 நிமிடம் வைத்து, அதே அளவு நேரம் எடுத்துவிட வேண்டும். கட்டிக்கொண்டே தூங்கக் கூடாது. மரத்த கன்னத்துக்குக் குளிர் புண்ணாக்குவது தெரியாது. வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். அதைக் கண்டு பட்டை வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம்.

சிரிஞ்சுதான் இந்தப் பெட்டியிலேயே உருப்படியானது, கீழ்த்தாடை ஞானப்பல் எடுத்தவர்களுக்கு. அந்தக் குழியில் சோற்றுப் பருக்கை போன்றவை போய் அடைந்துகொண்டால் கொப்பளிப்பதால் வராது. ஆனால் ஐந்து முதல் ஏழு நாள் கழிந்த பிறகுதான், மருத்துவர் சொன்ன நாளிலிருந்துதான், அதைத் தொட வேண்டும். வளைந்த நுனியைக் குழியின் வாயில் வைத்து, உள்ளே குத்தாமல், வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரை மெல்லச் செலுத்தி, வெளிவரும் நீர் தெளியும்வரை அலசலாம். குழி மேடாகும்வரை, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும். மேல்தாடைக் குழிக்குப் பெரும்பாலும் இது வேண்டாம். அங்கே கடைவாய்ப்பல் எடுத்த பின் குடிக்கிற தண்ணீர் மூக்கு வழியே வந்தால், மேலே கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறையான சைனஸுக்கு வழி திறந்திருக்கிறது என்று பொருள். சிரிஞ்சை வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். குழிக்குள் தெரியும் வெண்மையான படலத்தைச் சீழ் என்று எண்ணிச் சுரண்டிவிடாதீர்கள். அது பெரும்பாலும் புண் ஆறும்போது மேலே படியும் படலம்தான்.

கிராம்பு எண்ணெய் ஜெல்லுக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம். ரத்தக்கட்டி போய்க் குழி வெறுமையாகும் 'டிரை சாக்கெட்' வந்தால் பல் மருத்துவர் குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெயின் முக்கியப் பொருளான யூஜினால் சேர்ந்த மருந்தை உள்ளே வைப்பது உண்மைதான். அதே யூஜினால் வீட்டில் திறந்த புண்ணில் அளவில்லாமல் பட்டால் ஈறு வெந்துவிடும். இன்னொரு கெடுதலும் உண்டு: அது அறிகுறியை மறைக்கிறது. வலி குறைந்துகொண்டே வந்து, இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் திடீரென்று ஏறி, காதுவரை இழுத்து, வாயில் துர்நாற்றமும் சேர்ந்தால் கட்டி போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். புகைபிடிப்பவர்களுக்கும் கீழ் ஞானப்பல் எடுத்தவர்களுக்கும் இது அதிகம். ஜெல்லைத் தடவித் தள்ளிப்போட்டால் அவதிதான் நீளும்.

பெட்டியில் இல்லாதது வலிமாத்திரை. மரப்பு இறங்கும் முன்பே போட்டுக்கொண்டால் முதல் இரவு எளிதாகக் கழியும். பெரியவர்களுக்கு இபுபுரூஃபன் 400 மி.கி.யும் பாராசிட்டமால் 500 மி.கி.யும் சேர்ந்து நன்றாகவே வேலை செய்யும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம் இருப்பவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் கேட்காமல் இபுபுரூஃபன் எடுக்கக் கூடாது. ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அது புண்ணைச் சுடும், ரத்தக் கசிவையும் கூட்டும்.

மூன்றாம் நாளுக்குப் பிறகும் ஏறுகிற வீக்கம், காய்ச்சல், விழுங்கச் சிரமம், கடித்தும் நிற்காத ரத்தம், மறுநாளும் விலகாத உதட்டு மரப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் கிட்டைத் திறக்காமல் பல் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். மூச்சுவிடவே கஷ்டமாக இருந்தால் நேரே அவசரப் பிரிவுக்கு.