பெசன்ட் நகரா, திருவான்மியூரா? குழந்தையோடும் பாட்டியோடும் போக எந்தக் கடற்கரை

என் மகளுக்கு மூன்று வயது. என் அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. இருவரையும் ஒரே மாலையில் கடலுக்கு அழைத்துப்போய், இருவரும் முகம் மலர்ந்து வீடு திரும்ப வேண்டும் என்பதுதான் என் ஆசை. சென்னை அடையாறிலிருந்து ஆட்டோ ஏறினால் பெசன்ட் நகருக்கும் போகலாம், திருவான்மியூருக்கும் போகலாம். தூரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. மெரினாவை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது ஊருக்கே பொதுவான கடற்கரை. நான் தேடுவது பேட்டைக்காரர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துபோகும் கடற்கரை.

வசதி என்று பார்த்தால் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையை அடித்துக்கொள்ள முடியாது. 29சி, 23சி பஸ்கள் ஊரின் மறுகோடியிலிருந்தே கொண்டுவந்து இறக்கிவிடுகின்றன. நல்ல நடைபாதை, உட்கார இடம், வெளிச்சம், காவலர்கள், பொதுக் கழிப்பறை எல்லாம் இருக்கின்றன. சின்னக் குழந்தையோடு போகிறவர்களுக்குக் கழிப்பறை எவ்வளவு பெரிய விஷயம் என்பது போனவர்களுக்குத்தான் தெரியும். திருவான்மியூரில் அதை நம்பிப் போக வேண்டாம். வீட்டிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஆனால் அந்த வசதிதான் கூட்டத்தையும் கூட்டி வருகிறது. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அங்கே நின்றுபாருங்கள். ராட்டினம், பலூன் சுடும் கடை, பஞ்சுமிட்டாய், பஜ்ஜி, மீன் வறுவல், வெளிச்சம் சிதறும் பொம்மைகள் என்று வரிசை கட்டி நிற்கின்றன. பெரியவர்களுக்கு அது கொண்டாட்டம். மூன்று வயதுக்கோ ஐந்தடிக்கு ஓர் ஆசை, பத்தடிக்கு ஓர் அழுகை. அலையைத் தொடுவதற்குள் குழந்தையும் களைத்துவிடுகிறது, நாமும் களைத்துவிடுகிறோம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை பக்கத்து வேளாங்கண்ணி மாதா ஆலயத் திருவிழா நடக்கும். காவி உடுத்தி நடந்துவரும் பக்தர்களால் தெருவெல்லாம் நிறைந்திருக்கும். கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் அமைதி தேடுகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிடலாம்.

எனக்கு இன்னொரு குறையும் உண்டு. எலியட்ஸில் மணற்பரப்பு அகலமானது. நடைபாதையிலிருந்து தண்ணீர் வரை கால் புதையும் அந்த மணலில் அம்மாவால் நடக்க முடிவதில்லை. அதனால் அவர் சாலையோரத்தில் உட்கார்ந்திருப்பார், நாங்கள் அலையோரத்தில் நிற்போம். ஒரு குடும்பமாகப் போய் இரண்டாகப் பிரிந்து கடல் பார்ப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

திருவான்மியூர் என் மனதைப் பிடித்தது அங்கேதான். வால்மீகி நகர்த் தெருக்கள் வழியாகப் போனால், வீடுகள் முடிகிற இடத்தில் மணல் தொடங்கிவிடுகிறது. தண்ணீருக்குக் கொஞ்ச தூரம்தான். ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுபோனால் போதும். அம்மா எங்களோடு ஈரமணலுக்கு அருகிலேயே உட்கார்ந்துவிடுகிறார். கடைகள் குறைவு என்பதால் குழந்தையின் கண் மண்ணுக்கும் தண்ணீருக்கும் மட்டுமே போகிறது. போன மாதம் ஒரு புதன்கிழமை அவள் முக்கால் மணி நேரம் ஒரே நண்டு வளையின் முன் குந்தியிருந்தாள். மணல் நிறத்திலேயே இருந்த அந்த நண்டு, குச்சிமேல் வைத்த மிளகுபோன்ற கண்களை முதலில் வெளியே நீட்டியது. பிறகு ஒரு பிடி மண்ணைக் கொண்டுவந்து வாசலில் வீசிவிட்டுச் சரேலென்று உள்ளே ஓடியது. ஒவ்வொரு முறையும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பாட்டி அவள் உள்ளங்கையில் ‘நண்டூருது நரியூருது’ சொல்லிக்கொடுத்ததும் அன்றைக்குத்தான்.

கோயிலுக்கும் போக வேண்டுமென்றால், மருந்தீசுவரரைத் தரிசித்துவிட்டுக் கடலுக்கு நடந்தே வந்துவிடலாம். பெசன்ட் நகரிலும் கடலை ஒட்டியே அஷ்டலட்சுமி கோயில் இருப்பதால், இந்த விஷயத்தில் இரண்டும் சமம்.

கடலின் சுபாவத்திலும் இரண்டும் சமம்தான். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எலியட்ஸில் வெள்ளையாக நிற்கும் அந்த வளைவு மண்டபத்தின் முன் பலரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1930இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப்போய் உயிரைவிட்ட கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க் மாலுமியின் நினைவிடம் அது. கடலிலேயே வாழ்ந்த மனிதரையே இந்தக் கரை இழுத்துக்கொண்டது. திரும்பும் அலை காலடி மண்ணைப் பறித்துக்கொண்டு போகும் வேகம் பெரியவர்களையே தடுமாற வைக்கும். திருவான்மியூரில் வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், காய்ந்த மணலுக்கும் ஈரமணலுக்கும் நடுவே உள்ள கோட்டைக் காட்டி, குழந்தையை அதற்கு மேலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். அதன் பிறகு ஒரு வாளித் தண்ணீரை மேலே கொண்டுவந்து, பள்ளம் தோண்டி ஊற்றிவிடுகிறேன். அவளுக்கு அதுவே கடல். அங்கே கூட்டமும் காவலும் குறைவு என்பதால், இந்த எச்சரிக்கை இன்னும் ஒரு படி கூடுதலாகவே வேண்டும்.

மாலையை விட்டு விடியற்காலை போகிறவர்களுக்கு என் தீர்ப்பு மாறிவிடும். காலை ஆறு மணி பெசன்ட் நகர் வேறு ஊர்! ராட்டினம் நின்றிருக்கும், நடைபயிற்சிக்காரர்களும் காக்கைகளும்தான். சூரியன் கடலிலிருந்தே எழும்பி வரும். ஊரூர் குப்பம் பக்கம் படகுகள் கரையேறும்போது, வலையிலிருந்து மீனைக் கழற்றுவதைக் குழந்தைகள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். எட்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அதன்பின் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். மாலையில் வெயில் முதுகுப்பக்கம் போய்விடுவதால் அந்தத் தொல்லை இல்லை. சித்திரை, வைகாசியில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று வலுத்திருக்கும் நாட்களில் மட்டும் கடற்காற்று தாமதிக்கும். ஐந்து மணிக்கும் மணல் சுடும்.

ஆமைக் காலத்திலும் நான் பெசன்ட் நகர் பக்கம்தான். ஜனவரி பிறந்தால், பங்குனி ஆமை என்ற கடலாமைகள் இந்தக் கரை நெடுகிலும் முட்டையிட வருகின்றன. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து முட்டைகளைத் தேடி எடுத்துக் காப்பாற்றும் மாணவர் அமைப்பு ஒன்று 1988 முதல் இயங்கிவருகிறது. ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் குஞ்சுகள் பொரிந்ததும் கடலில் விடுவார்கள். உள்ளங்கையளவுகூட இல்லாத அந்தக் குஞ்சு, துடுப்புக் கால்களால் மணலைத் தள்ளித் தள்ளித் தண்ணீரை நோக்கிப் போவதைப் பார்த்தால் உங்களுக்கும் கண் கலங்கும். போகிறவர்கள் கைபேசி விளக்கைப் போடாதீர்கள். வெளிச்சத்தைக் கடல் என்று நம்பித் திசை மாறிவிடும்.

இன்னும் தெற்கே பாலவாக்கம், நீலாங்கரை என்று போனால் அமைதி கூடும். ஆனால் இருட்டும் கூடும், கடலுக்குப் போகும் வழிகள் வீடுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குச் சரிப்படலாம்.

நாங்கள் இப்போது புதன்கிழமை, நாலே முக்காலுக்குத் திருவான்மியூர் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். கால் கழுவ ஒரு பெரிய பாட்டில் தண்ணீர், வாளி, மடக்கு நாற்காலி, வீட்டிலேயே செய்த பட்டாணிச் சுண்டல். சுண்டலில் மாங்காயை அம்மா தன் கையாலேயே நறுக்கிப் போட்டால்தான் அவருக்குத் திருப்தி.