சீசாவா, குழாயா? சிறுகுடல் புழுவைத் தேடும் வழிகள்

தாராவி 90 அடிச் சாலைப் பக்கம் இட்லி வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் போன ஆனி மாதம் என் வீட்டுக்கு வந்தார். கையில் இரத்தப் பரிசோதனைத் தாள். ஹீமோகுளோபின் 6.8, ரொம்பவே குறைவு. மருத்துவர் மலப் பரிசோதனை, எண்டோஸ்கோபி இரண்டையும் எழுதியிருந்தார்.

"தம்பி, குழாயை விட்டே பார்த்துவிடலாம். அந்தச் சீசாவைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் பார்க்க நடக்க என்னால் ஆகாது" என்றார்.

மும்பை சயானில் ஓர் ஆய்வகத்தில் இருபத்தெட்டு வருடம் நுண்ணோக்கியைக் குனிந்து பார்த்தே முதுகு வளைந்தவன் நான். இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. விலை குறைந்த சோதனைக்கு நம் ஊரில் மரியாதையும் குறைவு. மயக்க ஊசி போட்டு, திரையில் படம் காட்டி, வண்ணத்தாளில் அச்சடித்துக் கொடுத்தால்தான் வைத்தியம் பார்த்ததாகத் திருப்தி.

மலத்தில் நாங்கள் தேடுவது பெரும்பாலும் முட்டையைத்தான். புழு உள்ளேயே இருந்துகொள்ளும். உருண்டைப்புழு என்றால் வேலை எளிது: ஒரு பெண் புழு நாளுக்கு ஏறத்தாழ 2 லட்சம் முட்டை இடும், தூங்கி வழிகிறவன் கண்ணிலும் பட்டுவிடும். குடலைக் கவ்வி இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு அவ்வளவு தாராளம் காட்டாது. ஜியார்டியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியோ ஒரு நாள் வெளிப்படும், மறுநாள் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று மாதிரி கேட்கிறோம். ஒன்றைக் கொடுத்துவிட்டு, 'ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது' என்று போகிறவர்கள்தான் அதிகம்.

மாதிரி காத்திருக்கவும் கூடாது. நான் வேலை பார்த்த இடத்தில் கிளைகளிலிருந்து காலையில் வாங்கிய சீசாக்கள் சாயங்காலம்தான் வந்து சேரும். மே மாதப் புழுக்கத்தில் நீர்த்த மலத்தில் இருந்த ஜியார்டியா செத்துச் சிதைந்திருக்கும். இன்னும் தாமதமானால் கொக்கிப்புழு முட்டை பொரிந்து இளம்புழு நெளியும். அதைப் பார்த்து ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற வேறொரு குடற்புழு என்று ஒருமுறை நானே எழுதிவிட்டேன். மூத்தவர் ஒருவர் வாயின் நீளத்தைப் பார்த்துத் திருத்தினார். கொக்கிப்புழுக் குஞ்சுக்கு வாய்க்குழி நீளம், மற்றதற்குக் குட்டை.

மலப் பரிசோதனைக்குக் குருட்டுப் பக்கமும் உண்டு. கொக்கிப்புழு உடலுக்குள் நுழைந்து முட்டையிடத் தொடங்க ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். அதற்குள் சோதித்தால் கையில் எதுவும் சிக்காது. ஸ்ட்ராங்கிலாய்டஸ் ஒன்றிரண்டு இளம்புழுவைத்தான் அனுப்பும், ஆகவே அடிக்கடி தப்பும். உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து தொடங்கப் போகிறவரிடம் அதைத் தவறவிடுவது உயிருக்கே ஆபத்து. அந்தச் சந்தேகம் வந்தால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனையும் வேண்டும்.

இனி குழாய். வாய்வழி எண்டோஸ்கோபி இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதிவரை போகும். அங்கே கொக்கிப்புழு இருந்தால் அந்தக் காட்சியை மறக்க முடியாது: ஒரு சென்டிமீட்டர் நீள நூல்துண்டு, ஒரு முனை குடலைக் கவ்வியிருக்க, மறுமுனை ஆடிக்கொண்டிருக்கும். இடுக்கியால் பிடுங்கியும் எடுத்துவிடலாம். வாதத்துக்கே இடமில்லாத சாட்சி.

ஆனால் சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர். குழாய் பார்ப்பது அதன் வாசற்படியைத்தான். கொக்கிப்புழுக்கள் பெரும்பாலும் குடியிருப்பது அதற்கும் கீழே, நடுச்சிறுகுடலில். ஜியார்டியாவோ வாசலிலேயே இருந்தாலும் கேமராவுக்குத் தெரியாது. குடற்சுவர் பெரும்பாலும் பளபளவென்று நன்றாகவே இருக்கும். பயாப்சிக்குச் சில துணுக்குகள் கிள்ளி எடுத்தால்தான் பிடிபடும். கிள்ளாமல் வந்த 'நார்மல்' அறிக்கையைக் காட்டி ஜியார்டியா இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எண்டோஸ்கோபிக்குப் படுக்கும் முன்பே பயாப்சி எடுப்பார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அப்படியானால் அண்ணாச்சிக்குக் குழாய் வேண்டாமா? வேண்டும் என்றுதான் சொன்னேன். அறுபதை நெருங்கும் ஆணுக்கு இரும்புச்சத்து இவ்வளவு வற்றினால் புண்ணா, புற்றா என்று பார்க்காமல் விடக்கூடாது. பெருங்குடலையும் பார்க்கச் சொல்வார்கள். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயையும் பயாப்சிதான் காட்டிக்கொடுக்கும். மலத்தில் முட்டை கிடைத்துவிட்டது என்பதற்காக இதையெல்லாம் தள்ளிப்போட முடியாது. புழுவைக் கண்டுபிடிக்கச் சீசா, வேறு பெரிய வினை இல்லை என்று உறுதிசெய்யக் குழாய் என்பது என் கணக்கு. வயிற்றுப்போக்கோடு வரும் இருபது வயதுப் பையனுக்கு எடுத்த எடுப்பில் குழாய் போடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

கேப்ஸ்யூல் கேமராவைப் பற்றியும் அண்ணாச்சியின் மகன் கேட்டான். 26 மில்லிமீட்டர் நீள மாத்திரை. விழுங்கினால் எட்டு மணி நேரம்போல் படம் எடுத்துக்கொண்டே போகும். குழாய் எட்டாத நடுச்சிறுகுடலையும் காட்டும். காரணம் தெரியாத இரத்தக்கசிவைத் தேடப்போய் அதில் புழு அகப்பட்ட கதைகள் உண்டு. ஆனால் கிள்ளவும் முடியாது, பிடுங்கவும் முடியாது. குடல் எங்காவது குறுகியிருந்தால் சிக்கிக்கொள்ளும். புழுவுக்காக மட்டும் அவ்வளவு செலவு வீண். ஜியார்டியாவுக்கு மலத்திலேயே அதன் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் சோதனை நல்ல சோதனை, ஆனால் கொக்கிப்புழுவைப் பற்றி அது வாய் திறக்காது.

அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே மூன்று சீசா கொடுத்தார். முதலாவதில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் மெல்லிய ஓட்டுக்குள் நாலைந்து செல்லோடு கொக்கிப்புழு முட்டைகள். எண்டோஸ்கோபியில் முன்சிறுகுடல் சுத்தம், இரைப்பையிலும் புண் இல்லை; பெருங்குடலும் தப்பித்தது. மருத்துவர் புழு மருந்தான அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் கொடுத்து, இரும்பு மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடச் சொன்னார். கொக்கிப்புழு ஒன்று நாளுக்கு 0.2 மில்லிவரை இரத்தம் குடிக்கும். நூறு இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

"எங்கே பிடித்தது தம்பி இது?" என்றார். சித்திரையில் ஊர்க் கோயில் கொடைக்குப் போய், வாழைத்தோப்பில் வெறுங்காலோடு இரண்டு வாரம் நடந்ததை அவரே பிறகு சொன்னார். மண்ணிலிருந்து கால் தோல்வழியே ஏறும் புழு இது. ஆனால் சித்திரையில் ஏறிய புழு ஆனிக்குள் இவ்வளவு இரத்தம் குடித்திருக்காது. அவர் வருடாவருடம் போகிறவர்.

மூன்று வாரம் கழித்து மறுபரிசோதனைக்குச் சொல்லாமலே சீசாவோடு வந்து நின்றார். இட்லித் துணியில் சுற்றியிருந்தார். துணி புதிது என்று சத்தியம் செய்தார்.